காமாலை கண்ட லிம்ஃபோமா நோயாளிக்குக் கீமோதெரபி உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

புற்றுநோயாளிகளுக்கு வரும் மஞ்சள் காமாலை பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையின் நறுக்கு ஒன்று சென்ற மாதத் தொடக்கத்தில் என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் என் நோயாளி ஒருவரின் மகன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததால் மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து தேய்ந்திருந்தது. கடைசிப் பத்தியில் நீல மையால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்த வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது. புற்றுநோயாளிக்குக் காமாலை கண்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள், அதற்குமேல் கீமோதெரபி கொடுக்க வழியில்லை என்பது அந்த வரியின் சாரம். அவருடைய தாயாருக்கு வந்திருப்பது நிணநீர்ப் புற்றுநோய், அதாவது லிம்ஃபோமா; திசுப் பரிசோதனை முடிவு அதற்கு முந்தைய நாள்தான் கைக்கு வந்திருந்தது. அம்மையாரின் கண்கள் மஞ்சளித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. "அம்மாவை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமா, டாக்டர்?" என்று மட்டும் அவர் கேட்டார்.

இரத்தப் புற்றுநோய்களுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் சிகிச்சையளிப்பதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. கட்டுரையாளரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கணையத்தின் தலைப்பகுதியில், பித்தப்பையில், பித்தநாளத்தில் தோன்றும் புற்றுகளை மனத்தில் வைத்து அவர் எழுதியிருக்கிறார் என்பது படித்ததுமே தெரிகிறது. அந்த நோய்களில் காமாலையோடு வருகிறவர்களில் பலரை அறுவைக்குக்கூட எடுத்துக்கொள்ள முடியாமல் போவது உண்மைதான். ஆனால் லிம்ஃபோமாவை அந்தப் பட்டியலோடு சேர்த்துக் கட்டியது பெரும் பிழை. புற்றால் உண்டாகும் பித்தநாள அடைப்புகளில் நூற்றில் ஒன்றிரண்டுதான் லிம்ஃபோமாவால் வருகின்றன. எண்ணிக்கை இவ்வளவு குறைவு என்பதாலேயே அந்த ஒன்றிரண்டு பேர் மற்றவர்களுக்கான அளவுகோலால் அளக்கப்பட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய நோயோ, மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய். பலருக்கு முற்றிலும் குணமாகிற நோய்.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேலாகப் பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தநாளம் என்ற, ஒரு பென்சில் தடிமன்கூட இல்லாத குழாய் வழியாக இறங்கி, கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டிச் சென்று சிறுகுடலில் கலக்கிறது. அந்தப் பாதை நெடுகிலும், கல்லீரலின் வாயிலிலும் கணையத்தைச் சுற்றிலும், நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. லிம்ஃபோமாவில் இந்தக் கணுக்கள் வீங்கி, சில நேரம் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருந்திரளாகி, குழாயை வெளியிலிருந்து நெருக்குகின்றன. சிலருக்குக் கணையத்திலேயே கட்டி தோன்றுவதும், மிக அரிதாகக் குழாயின் சுவரிலேயே நோய் தொடங்குவதும் உண்டு. பெரும்பாலோருக்கு நடப்பது வெளியிலிருந்து விழும் அழுத்தம்தான். தண்ணீர்க் குழாய்மேல் யாரோ காலை வைத்து மிதித்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது. குழாய் கெட்டுப்போகவில்லை, காலை எடுத்தால் தண்ணீர் மறுபடி ஓடும்.

நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு லிம்ஃபோமாவில் ஆன் ஆர்பர் என்ற வகைப்பாட்டை 1971 முதல் பின்பற்றி வருகிறோம். எந்தெந்தப் பகுதிக் கணுக்களில் நோய் இருக்கிறது, உதரவிதானத்துக்கு ஒரு புறமா இரு புறமுமா, கணுக்களைத் தாண்டி வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பவற்றைக் கொண்டு அது நிலையைத் தீர்மானிக்கிறது. காமாலை என்ற சொல்லுக்கே அதில் இடமில்லை. கல்லீரல் வாயிலில் ஒரே ஒரு கணுத்தொகுதி வீங்கிக் குழாயை அடைத்துக்கொண்டால், கண் எலுமிச்சை நிறமாக இருக்கும்போதே நோய் ஆரம்ப நிலையில் இருக்கக்கூடும். நான்காம் நிலையாகவே இருந்தாலும் என்ன? வேகமாக வளரும் லிம்ஃபோமாக்களில் மிகப் பரவலான, டிஎல்பிசிஎல் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் பெரிய பி-செல் வகையை நான்காம் நிலையிலும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் தொடங்குகிறோம். 60 முதல் 80 வயது வரையிலான 399 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 'சாப்' என்ற நான்கு மருந்துச் சேர்க்கையோடு ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது 76 சதவீதத்தினரிடம் நோய் முழுமையாக மறைந்தது. சேர்க்காதவர்களில் அது 63 சதவீதம். முதியவர்களிடமே இந்த விளைவு என்றால், அடிக்கோடிட்ட அந்த வரி எவ்வளவு பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கும் என்று நினைக்கையில் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

முதல் தடுமாற்றம் நோயைக் கண்டறிவதிலேயே நேர்கிறது. காமாலையோடு வருகிறவருக்கு ஸ்கேனில் கணையத்தின் தலைப்பக்கம் ஒரு கட்டி தெரிந்தால், கணையப் புற்று என்று மனம் உடனே முடிவு கட்டிவிடுகிறது. சிஏ 19-9 என்ற இரத்தப் பரிசோதனையின் அளவும் கூடியிருந்தால் அந்த முடிவுக்கு முத்திரையே விழுந்துவிடும். ஆனால் பித்தநாளம் எந்தக் காரணத்தால் அடைத்துக்கொண்டாலும், கல் அடைத்தாலும்கூட, சிஏ 19-9 ஏறக்கூடும் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சந்தேகத்தைக் கிளப்ப வேண்டிய குறிப்புகள் வேறு இருக்கின்றன. கட்டி பெரிதாக இருந்தும் கணைய நாளம் அவ்வளவாக விரிந்திருக்காது. இரத்தக் குழாய்களைக் கட்டி சூழ்ந்திருக்குமே தவிர அடைத்திருக்காது. வயிற்றின் வேறு இடங்களிலும் கணுக்கள் வீங்கியிருக்கும். இரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதியின் அளவு உயர்ந்திருக்கும். இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்வை, இனம் தெரியாத காய்ச்சல், எடை இழப்பு ஆகியவை இருக்கும். இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கத்தியை எடுப்பதற்கு முன் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் சேர்த்து வெட்டி அகற்றும் பெரிய அறுவைக்குப் பிறகு, நோய்க்குறியியல் அறிக்கை லிம்ஃபோமா என்று வந்த நோயாளியை நான் பார்த்திருக்கிறேன். மருந்தால் கரைந்திருக்க வேண்டிய கட்டிக்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரிது.

திசு எடுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பித்தநாளத்துக்குள் சிறு தூரிகையை விட்டுத் தேய்த்தெடுக்கும் செல்கள், வெளியிலிருந்து அழுத்தும் லிம்ஃபோமாவைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. கழுத்திலோ அக்குளிலோ கைக்கு எட்டும் கணு இருந்தால் அதை முழுதாக எடுத்து அனுப்புவதே மேல். வயிற்றுக்குள் மட்டும்தான் நோய் என்றால், எண்டோஸ்கோபி முனையிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவியால் இரைப்பை, முன்சிறுகுடல் சுவர் வழியாக ஊசியைச் செலுத்தித் திசுத் துண்டு எடுக்கலாம். வெறும் செல்கள் போதாது, துண்டாக வேண்டும் என்று எண்டோஸ்கோபி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்த வகை லிம்ஃபோமா, சிடி20 என்ற குறியீடு செல்லின் மேல் இருக்கிறதா என்பவை தெரியாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையே சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், காமாலையும் மூச்சுத் திணறலுமாக வந்த ஓர் இளைஞருக்கு, எப்படியும் லிம்ஃபோமாதான் என்ற துணிச்சலில், திசு எடுப்பதற்கு முன்பே ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டேன். மூன்றே நாளில் கணுக்கள் பாதியாகச் சுருங்கின. எனக்குள் ஒரு பெருமிதம்கூட எழுந்தது. அதன் பிறகு எடுத்த திசுவில் செத்த செல்களைத் தவிர வேறொன்றும் இல்லை. எந்த வகை என்று தெரியாமல் இரண்டு வாரம் திண்டாடி, நோய் மறுபடி தலை தூக்கிய பின்னரே மீண்டும் திசு எடுக்க முடிந்தது. லிம்ஃபோமா செல்களை ஸ்டீராய்டு அவ்வளவு வேகமாக அழித்துவிடும். உயிருக்கே உடனடி ஆபத்து என்றால் ஒழிய, முதலில் திசு, பிறகே ஸ்டீராய்டு என்ற வரிசையை அன்று முதல் நான் மாற்றியதில்லை.

லிம்ஃபோமா நோயாளிக்கு வரும் காமாலை எல்லாமே அடைப்பால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்லீரலுக்குள்ளேயே நோய் பரவியிருக்கலாம், சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கலாம், ஹெபடைட்டிஸ் வைரஸ் இருக்கலாம், ஏற்கெனவே எடுத்துக்கொண்ட மருந்து கல்லீரலைத் தாக்கியிருக்கலாம், ஹாட்ஜ்கின் என்ற லிம்ஃபோமா வகையில், அரிதாக, கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக்குழாய்களே மெல்ல மறைந்துபோவதும் உண்டு. வயிற்று அல்ட்ராசவுண்டில் பித்தநாளங்கள் விரிந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதற்படி. விரிந்திருந்தால் அடைப்பு. அடைப்பே என்றாலும் காரணம் ஒரு பித்தக்கல்லாகவோ காசநோய் பிடித்த கணுவாகவோ இருக்கக்கூடும் என்பதால்தான் திசுவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனி, கட்டுரை தவறிய முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கீமோதெரபி கொடுக்க முடியாது என்ற எண்ணம் வெறுங்கற்பனையிலிருந்து பிறந்ததல்ல. ஆர்-சாப் என்ற சிகிச்சையில் ஐந்து மருந்துகள் இருக்கின்றன: ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோலோன். இவற்றில் டாக்சோரூபிசினும் வின்கிரிஸ்டினும் கல்லீரலால் சிதைக்கப்பட்டுப் பெரும்பகுதி பித்தநீர் வழியாகவே வெளியேறுகின்றன. பித்தநாளம் அடைத்திருக்கையில் முழு அளவைக் கொடுத்தால், வெளியேற வழியின்றி அவை உடலிலேயே தேங்கி நிற்கும். வெள்ளணுக்கள் அடியோடு விழும், வாயும் குடலும் புண்ணாகும், நரம்புகள் பாதிக்கப்படும். ஆகவே, காமாலையில் மஞ்சள் நிறத்தை உண்டாக்கும் பிலிருபின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்து மருந்தைக் குறைக்கும் விதி இருக்கிறது. டாக்சோரூபிசினுக்கு, பிலிருபின் டெசிலிட்டருக்கு 1.2 முதல் 3 மில்லிகிராம் வரை இருந்தால் பாதி; 3.1 முதல் 5 வரை என்றால் கால் பங்கு. 5க்கு மேல் போனால் கொடுக்கக் கூடாது. வின்கிரிஸ்டினுக்கு, கல்லீரல் பதப்படுத்திய பகுதியான நேரடி பிலிருபின் 3ஐத் தாண்டினால் பாதி. கீமோ வார்டில் நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்வார்களே, அதுதான் டாக்சோரூபிசின். பிலிருபின் 14 என்று எழுதிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு சிரிஞ்சை ஏற்றும்படி எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

ஆனால் ஐந்தில் இரண்டை முழு அளவில் கொடுக்க முடியாது என்பதை, ஒன்றையுமே கொடுக்க முடியாது என்று படித்துவிடக் கூடாது. ரிட்டுக்சிமாப் ஓர் எதிர்ப்புரதம். அது வெளியேறப் பித்தநீர் தேவையில்லை. ஸ்டீராய்டைத் தாராளமாகக் கொடுக்கலாம். அதிலும் கல்லீரலில் மாற்றம் அடைந்த பிறகே வேலை செய்யும் பிரெட்னிசோனைவிட, ஏற்கெனவே மாறிய வடிவமான பிரெட்னிசோலோன் நல்லது. சைக்ளோபாஸ்பமைடு செயல்படக் கல்லீரல் வேண்டும் என்றாலும் அதன் கழிவு பெரும்பாலும் சிறுநீரில் போகிறது. பிலிருபின் கூடியிருக்கையிலும் கவனத்தோடு, தேவைப்பட்டால் அளவைக் குறைத்து, அதைப் பயன்படுத்த இடமிருக்கிறது. ஆகவே நான் கடைப்பிடிப்பது இது: திசு கைக்கு வந்ததும், ஐந்து முதல் ஏழு நாள் ஸ்டீராய்டு, அதனோடோ அதையடுத்தோ ரிட்டுக்சிமாபும் சைக்ளோபாஸ்பமைடும், பிலிருபின் இறங்க இறங்க, மேலே சொன்ன படிகளின்படி டாக்சோரூபிசினும் வின்கிரிஸ்டினும், அடுத்த சுழற்சிகளில் முழு அளவு. வேகமாக வளரும் லிம்ஃபோமா அதே வேகத்தில் கரையவும் செய்யும் என்பதால், சிலருக்கு ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே குழாய்மேல் இருந்த அழுத்தம் தளர்ந்து, காமாலை தானாகவே இறங்கத் தொடங்கிவிடும். கட்டி ஒரேயடியாகக் கரைகையில் யூரிக் அமிலமும் பொட்டாசியமும் இரத்தத்தில் கொட்டும். அதற்கு முன்கூட்டியே சலைன் ஏற்றி, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் என்ற மருந்தைத் தொடங்கி, சிறுநீரகத்தைக் காக்க வேண்டும்.

அப்படியானால் அடைப்பைத் திறக்கப் பித்தநாளத்துக்குள் வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் தேவையே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அரிதான நிலை என்பதால், சிறு சிறு நோயாளித் தொகுப்புகளின் அனுபவத்தை வைத்துத்தான் இரு தரப்பும் பேசுகின்றன. பித்தநீரில் கிருமித் தொற்று ஏற்பட்டு, காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வலது மேல்வயிற்றில் வலியும் இருந்தால் விவாதத்துக்கு இடமே இல்லை. அன்றே திறக்க வேண்டும். கீமோவால் வெள்ளணு விழப்போகும் ஒருவரின் உடலில் சீழ்பிடித்த பித்தநீரைத் தேக்கி வைப்பது தீயை மூட்டிவிட்டுக் கதவைச் சாத்துவதற்குச் சமம். பிலிருபின் மிக உயர்ந்திருந்தால், அல்லது மெதுவாக வளரும் வகை என்பதால் மருந்துக்கு அது மெதுவாகவே அசையும் என்றால், அப்போதும் திறப்பதையே நான் விரும்புகிறேன். தொற்று இல்லை, பிலிருபின் 4 அல்லது 5, வேகமான வகை, திசு முடிவும் கையில் இருக்கிறது என்றால், ஸ்டீராய்டைத் தொடங்கி நாள்தோறும் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு சில நாள் பொறுப்பதில் தவறில்லை. ஏனென்றால் திறக்கும் சிகிச்சைக்கும் அதற்கே உரிய ஆபத்துகள் இருக்கின்றன. வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்திச் செய்யும் ஈஆர்சிபிக்குப் பிறகு நூற்றில் மூன்று முதல் பத்துப் பேருக்குக் கணைய அழற்சி வருகிறது. அவ்வழி முடியாமல் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்திக் குழாய் வைத்தால், வெளியே ஒரு பையோடு வாரக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். இரத்தக் கசிவும் தொற்றும் அங்கேயும் உண்டு.

எந்த ஸ்டென்ட் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைக்கும் முறையை நிப் சுஹேந்திரா என்ற மருத்துவர் ஜெர்மனியில் முதன்முதலாகச் செய்து, 1980ஆம் ஆண்டு அறிக்கையாக வெளியிட்டார். அறுவைக்கு வழியில்லாதவர்களுக்கு அரிப்பும் காமாலையும் குறைந்து எஞ்சிய நாட்களாவது நிம்மதியாகக் கழியட்டும் என்பதற்காகப் பிறந்த முறை அது. பிறந்த இடத்தின் மனநிலை இன்றும் அதை விட்டுப் போகவில்லை. புற்றால் அடைப்பு என்றதும், நெடுநாள் அடைக்காமல் இருக்கட்டும் என்று, உறையில்லாத உலோக வலைக் குழாயை வைத்துவிடுகிறார்கள். கணையப் புற்றுக்கு அது பொருந்தும். சுற்றியுள்ள திசு அதன் கண்ணிகளுக்குள் வளர்ந்து பின்னிக்கொள்வதால், பிறகு அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. லிம்ஃபோமாவிலோ மூன்று நான்கு மாதத்தில் கட்டி கரைந்து, குழாய் தானே திறந்துகொள்ளப் போகிறது. நோய் குணமான ஒருவர் எதற்காக வாழ்நாள் முழுவதும் அந்த உலோகத்தையும் அது கொண்டுவரும் அடைப்பையும் தொற்றையும் சுமக்க வேண்டும்? எனவே, எடுத்துவிடக்கூடிய பிளாஸ்டிக் ஸ்டென்ட்டையோ முழு உறையிட்ட உலோக ஸ்டென்ட்டையோதான் நான் கேட்டு வாங்குகிறேன். பிளாஸ்டிக் குழாயின் குறுக்களவு 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அது விரைவில் அடைத்துக்கொள்ளும் என்பதால் மூன்று மாதத்துக்குள் அதை மாற்றவோ எடுக்கவோ வேண்டும்.

மாற்றவோ எடுக்கவோ வேண்டும் என்று எழுதுவது எளிது. நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், ஆறு சுழற்சி முடித்து, நோய் முழுமையாக மறைந்துவிட்டது என்ற அறிக்கையோடு மகிழ்ச்சியாக விடைபெற்றுப் போன நடுத்தர வயதுக்காரர் ஒருவர், ஐந்தாவது மாதம் நடுநடுங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தார். நோய் திரும்பிவிட்டது என்றே அவருடைய குடும்பம் நினைத்தது. உண்மையைச் சொன்னால், நாங்களும் ஒரு மணி நேரம் அப்படித்தான் நினைத்தோம். ஸ்கேனில் வெள்ளைக் கோடாக ஒரு குழாய் தெரிந்தது. முதல் சுழற்சிக்கு முன் வைத்த பிளாஸ்டிக் ஸ்டென்ட் சேறு படிந்து அடைத்துப்போயிருந்தது. வைத்தவர்கள் கீமோ பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார்கள். கீமோ பிரிவில் நாங்கள் வைத்தவர்களே கூப்பிடுவார்கள் என்று இருந்தோம். நோயாளிக்கோ தன் வயிற்றுக்குள் ஒரு குழாய் இருப்பதே நினைவில்லை. அன்றிலிருந்து ஸ்டென்ட் வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் கீமோ அட்டவணையின் மேல்மூலையில் சிவப்பு மையில் எழுதச் சொல்லிவிட்டேன். நோயாளியின் கையேட்டிலும் அதே வரி இருக்கும்.

நோயாளிகள் வாரக்கணக்கை இழப்பது பெரும்பாலும் வேறொரு காரணத்தால். குழாயைத் திறந்தாகிவிட்டது, இனிப் பிலிருபின் இயல்புக்கு வரட்டும், பிறகு கீமோவைத் தொடங்கலாம் என்று காத்திருக்கும் பழக்கம் இருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிலிருபின் அந்த வேகத்தில் இறங்குவதில்லை. நெடுநாள் அடைத்திருந்தவர்களின் இரத்தத்தில், பிலிருபினின் ஒரு பகுதி ஆல்புமின் புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. டெல்டா பிலிருபின் என்று அதற்குப் பெயர். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ள முடியாது. ஆல்புமின் எப்போது கழிகிறதோ அப்போதுதான் அதுவும் கழியும். அது பாதியாவதற்கே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். குழாய் நன்றாகத் திறந்து பித்தநீர் ஓடிக்கொண்டிருக்கையிலும் கண்ணில் மஞ்சள் தங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான். வார்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்டென்ட் வைத்த சில நாட்களில், கறுத்துப் போயிருந்த சிறுநீர் தெளிந்து வெளிர்மஞ்சளாகும், சுண்ணாம்பு போல் வெளுத்திருந்த மலத்துக்கு நிறம் திரும்பும். ஆனால் சன்னலோரம் நிறுத்தி இமையை இறக்கிப் பார்த்தால் கண் மட்டும் மஞ்சளாகவே இருக்கும். சிறுநீர் தெளிந்த பிறகும் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நாலைந்து வாரம் கண்முன்னே கரைந்துவிடும். வேகமாக வளரும் லிம்ஃபோமாவுக்கு நாலைந்து வாரம் மிக நீண்ட காலம். அதற்குள் கணுக்கள் மேலும் பெருத்து, வைத்த ஸ்டென்ட்டையே நெருக்கிவிடும். எண் எவ்வளவு என்பதைவிட அது இறங்குமுகமாக இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். இறங்கிக்கொண்டிருந்தால், அன்றைய அளவுக்கு எந்த மருந்து பொருந்துமோ அதைத் தொடங்கிவிடுகிறேன்.

இதில் மருத்துவர்களாகிய எங்கள் தரப்பிலும் குறை இருக்கிறது. ஸ்டென்ட் வைப்பவர் குடல், கல்லீரல் பிரிவு. கீமோ கொடுப்பவர் வேறு பிரிவு. கோப்பு ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குப் போகும்போது, 'காமாலை குறைந்ததும் அனுப்பவும்' என்று ஒருவர் எழுதுகிறார். 'கீமோவுக்குத் தகுதி உண்டா என்று கருத்துக் கூறவும்' என்று மற்றவர் எழுதுகிறார். நடுவில் ஒரு வாரம் போகிறது. நான் பார்த்த வரையில், பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில் தீர்ந்துவிடக்கூடிய விஷயம் இது. எந்த நாள் திசு, எந்த நாள் ஸ்டென்ட், எந்த நாள் ஸ்டீராய்டு என்பதை இருவரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதிவிட்டால் போதும். திசுவையும் ஸ்டென்ட்டையும் பல நேரம் ஒரே மயக்கத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.

வேறு சில செய்திகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பித்தநீர் குடலுக்குப் போகாதபோது கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் சேர்வதில்லை. வைட்டமின் கே குறைந்தால் இரத்தம் உறையத் தாமதமாகும் என்பதால், ஊசி, எண்டோஸ்கோபி எதற்கும் முன்பு அதைச் சோதித்து ஈடு செய்ய வேண்டும். ரிட்டுக்சிமாபுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டுமல்லாமல், பழைய தொற்றைக் காட்டும் கோர் எதிர்ப்பொருளையும் பார்க்க வேண்டும். உறங்கிக்கொண்டிருக்கும் அந்த வைரஸை ரிட்டுக்சிமாப் எழுப்பிவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் மருந்தின் குறிப்பேட்டிலேயே கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. தேவைப்படுகிறவர்களுக்கு வைரஸ் தடுப்பு மாத்திரையைக் கடைசி ரிட்டுக்சிமாபுக்குப் பிறகும் குறைந்தது ஓராண்டு தொடர வேண்டும். இல்லாவிட்டால் அடைப்பு நீங்கிய கல்லீரலை வைரஸ் கெடுத்துவிடும்.

அரிப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் ஒரு வார்த்தை. சொறிந்து சொறிந்து, நகங்கள் மெருகிட்டது போல் பளபளவென்று ஆகிவிட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் உறங்காமல் கிடக்கிறவருக்குக் கீமோவைப் பற்றி என்ன சொன்னாலும் காதில் ஏறாது. கொலஸ்டிரமின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. குழாய் திறந்தால் கண்ணின் மஞ்சளுக்கு முன்பே அரிப்பு தணிந்துவிடும். தொடர்ந்து இரண்டு இரவு உறங்கிய பிறகு அதே நோயாளி, "அடுத்து என்ன செய்யணும் டாக்டர்?" என்று தானே கேட்பார்.

நறுக்கோடு வந்த மகனிடம் இவ்வளவையும் அன்று சொல்லவில்லை. அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம், மாடிக்குக் கூட்டிப்போங்கள், வார்டில் படுக்கை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அன்று அந்த அம்மையாரின் பிலிருபின் 13.8. மறுநாள் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று மாலையே பிரெட்னிசோலோன் தொடங்கினோம். அடுத்த வாரம் ரிட்டுக்சிமாபும் குறைத்த அளவில் சைக்ளோபாஸ்பமைடும் ஏறின. இந்தக் கடிதத்தை எழுதும் இன்று அவருக்கு இரண்டாம் சுழற்சி. காலையில் பிலிருபின் 2.6, ஆகவே சிவப்பு மருந்து பாதி அளவில் முதன்முறையாக ஏறுகிறது. கண்ணில் இன்னும் சற்று மஞ்சள் இருக்கிறது. முழுக் குணம் கிடைக்குமா என்பதை இனி வரும் சுழற்சிகளும் ஸ்கேனும்தான் சொல்லும். அதை நான் இப்போதே அறிவிக்க மாட்டேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்திக்கு, லிம்ஃபோமா நோயாளிகளுக்கு இது பொருந்தாது என்ற திருத்தத்தை, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். அந்த மகன் விட்டுச்சென்ற நறுக்கு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதை அவரிடம் திருப்பிக் கொடுக்கையில் திருத்தத்தையும் உடன் சேர்த்துக் கொடுக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகரான
புற்றுநோய் மருத்துவர் ஒருவர்